அண்ணியின் சீட்

என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு கார் சீட் கிடந்தது. வீட்டில் சோபா இல்லாமல் இல்லை. சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியில் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து அதை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் எழும்பி இடுப்பைக் கவ்விக்கொள்ளும் கறுப்பு சீட். நான் போனால் அதில்தான் உட்காருவேன். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும்.

"உங்க அண்ணி சீட்டுல நீ உக்காந்திருக்க" என்பான் அண்ணன்.

"அப்ப கொண்டுபோய் அண்ணிக்குப் போட்டுக் குடேன்."

"போடுவேன். சத்தம் நிக்கட்டும்."

இந்த "சத்தம் நிக்கட்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அண்ணனுக்குக் குளிர்பான ஆலையில் வேலை. கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக வந்து, நிரம்பி, மூடி வாங்கிக்கொண்டு போகும் அந்த வரிசைக்கு அவன்தான் பொறுப்பு. நான் ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கண்ணாடி வளையலை உலுக்குவது போல ஒரு சத்தம். வெளியே வந்து வெகு நேரத்துக்கு என் மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. காதில் மாட்டிக்கொள்ள எல்லோருக்கும் ஆலையே மஞ்சள் நிறக் காதுமூடி கொடுத்திருந்தது. அண்ணன் போடமாட்டான். "அதைப் போட்டா பாட்டில் ஒடையறது எப்படித் தெரியும்?" என்பான். அந்தக் காதுமூடி எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கார் அவன் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஜப்பானில் செய்தது, இரண்டே கதவு, பின்னால் ஒரு இறக்கை. முன்னால் இரண்டு சீட், பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு பலகை. எனக்குத் தையல் கடை. நாள் முழுக்க நான்கு பெண்களோடு வாயாடிப் பிழைப்பவள் நான், சும்மா இருப்பேனா? "மூத்த அண்ணி ஷெட்டுல இருக்கா, இளைய அண்ணி அடுப்படியில இருக்கா" என்று சொல்லிச் சிரிப்பேன். புதிதில் அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். போகப் போக சிரிப்பு குறைந்தது. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

டர்போ என்றால் என்ன என்று அண்ணன் எனக்கு விளக்கியிருக்கிறான். எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகும் புகையைப் பிடித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைப்பது, அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிப்பது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் போகலாம், பலமும் அதிகம். இத்தோடு விட்டிருந்தால் நல்ல கார். ஜப்பான்காரன் கணக்குப் போட்டு வைத்தது என் அண்ணனுக்குப் போதவில்லை. முதலில் சைலன்சரை மாற்றினான். அப்புறம் பெரிய டர்போ. பெரிய டர்போவின் காற்று சூடாகிறது என்று முன்னால் ஒரு பெரிய ரேடியேட்டர் மாதிரி வைத்தான். காற்றுக்கு ஏற்ப பெட்ரோல் போதவில்லை என்று அதைப் பீய்ச்சும் ஊசிகளை மாற்றினான். அந்தக் கூடுதல் பலத்தைத் தாங்க வேண்டுமென்று பிஸ்டன்களை மாற்றினான். கடைசியில் இத்தனையையும் ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரையே மாற்றினான். ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும்.

லேப்டாப், வயர்கள், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் வைக்க இடம் வேண்டுமென்று டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றினான். அப்படித்தான் அது கூடத்துக்கு வந்தது. "எல்லாம் முடிஞ்சதும் உன்னைத்தான் முதல்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்று அண்ணியிடம் சொன்னான். அவள் நம்பினாள். எதையும் நம்பிவிடக்கூடியவள்தான் அவள்.

முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு சத்தம். நாக்கிங் என்பான் அண்ணன். எஞ்சினுக்குள் பெட்ரோல் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் எரிய வேண்டும். அதை மீறிக் கண்ட இடத்தில் வெடித்தால் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி. நிறைய அடி வாங்கினால் பிஸ்டன் உடையும், எஞ்சின் போகும். வெளியே கேட்பவர்களுக்கு அது தகர டப்பாவில் பொடிக் கற்களைப் போட்டு உலுக்குவது மாதிரி இருக்கும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஷெட், நடுவில் ஒரு கதவு. ஆகையால் உலகத்தில் அந்தச் சத்தத்தை அண்ணனைவிட அதிகம் அறிந்த ஒரே ஆள் அண்ணிதான். பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கே" என்பாள். "ஆமா, கொஞ்சம் குறைச்சுப் பாக்கறேன்" என்று ஷெட்டிலிருந்து பதில் வரும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருவரும் அப்படிப் பேசிக்கொள்வார்கள். அவர்கள் சந்தோஷமாக இருந்த காலம் அது.

இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கக் காரிலேயே ஒரு சென்சார் உண்டு. புது பிஸ்டன்கள் கொஞ்சம் கடகடவென்று ஓடுபவை, சென்சார் அதையும் நாக்கிங் என்று நினைத்து எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடுகிறது என்று அண்ணன் அதன் வயரைப் பிடுங்கிவிட்டான். "மெஷின் பொய்ப் புகார் சொல்லுது. காதைத்தான் நம்பணும்." ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டையாக அடித்து எஞ்சின் உடம்பில் போல்ட் போட்டு முடுக்கினான். அதிலிருந்து ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை காரின் உள்ளே, அதன் நுனியில் இரண்டு காதுக்கும் சேர்த்து மாட்டிக்கொள்ள ஆலையின் மஞ்சள் காதுமூடி. நடுவில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகியிருந்தான். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதைப் போல அவன் எஞ்சினைக் கேட்டான். காதைக் காப்பாற்றக் கொடுத்த பொருளை வேலையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டை போட்டவன் என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வருஷங்கள் போயின. சத்தம் நிற்கவில்லை. லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றுவான், ஓட்டிவிட்டு வருவான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவான். பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேசினால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவான். ஆலையில் கத்திக் கத்திப் பழகிவிட்டது என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான், அண்ணி போய்த் தோளைத் தொட வேண்டும். "என்ன திமிர் பாரு" என்று நான் சொல்வேன்.

பிறகு ஒரு நாள் என் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தான்.

"நின்னுடுச்சு!"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண் பயந்து போய் விரலில் குத்திக்கொண்டாள்.

"கத்தாதண்ணா. எது நின்னுடுச்சு?"

"சத்தம்! பெட்ரோல் எரியற டைமிங்க ஏத்தறேன், இன்னும் ஏத்தறேன், ஒரு முணுமுணுப்பு இல்ல. சுத்தமா நின்னுடுச்சு. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணி சீட்டைப் போடறேன்."

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அண்ணிக்காகச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரமே அண்ணி வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த உடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"நான் எங்க அக்கா ஊருக்குப் போறேன் நாத்தனாரே. அக்கா பேக்கரியிலயே வேலை இருக்கு. அங்கயே இருந்துடலாம்னு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஷெட் கதவுல நின்னு சொன்னேன். எஞ்சினை ஓட விட்டுக் கார்ல உக்காந்திருந்தார். என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருந்தார். 'என்னால இனிமே முடியலங்க, நான் போறேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. செருப்பைத் தேடினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய் ஒண்ணும் கேக்கக் கூடாது. நீ கேட்டு, அதுக்கப்புறம் அவர் 'போகாத'ன்னு சொன்னா, அது எனக்கு எதுக்கு? அப்புறமும் ரெண்டு தடவை அடுப்படியில இருந்து சொல்லிட்டேன். பதிலே இல்ல. கத்தியிருந்தாக்கூட இருந்திருப்பேன்."

"அப்ப இன்னும் ஏன் இருக்கீங்க?"

"ஞாயித்துக்கிழமை சீட் போடறாராம். இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு அதுல ஒரு தடவை உக்காந்துட்டுத் திங்கக்கிழமை கிளம்பறேன். நீயும் வா. தனியா அவர்கூட உக்கார எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்ணன் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு போல்ட்டையும் முடுக்கினான். விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தான், ராகம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஒரு துணியை எடுத்து சீட்டைத் துடைத்து, "வா" என்றான். அண்ணி புது உடுப்பு போட்டிருந்தாள். வீட்டுக்குள் பீரோ மேல் அவள் பை தயாராக இருந்தது. நான் பின்னால் அந்தப் பலகையில் முழங்கால் முகவாயில் இடிக்கச் சுருண்டு உட்கார்ந்து, அவன் பிடரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பொண்டாட்டி போறேன்னு சொன்னதுக்குச் சிரிச்சவன்டா நீ என்று மனசுக்குள் ஆயிரம் தடவை திட்டினேன்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேரான சாலை உண்டு, ஞாயிற்றுக்கிழமையில் லாரிகள் வராது. அங்கே போனதும் அண்ணன் மஞ்சள் காதுமூடியை மாட்டிக்கொண்டான். "இப்ப பாரு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு மிதித்தான். முன்னால் விசில் மாதிரி ஒன்று எழும்பியது, என் முதுகு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மரங்கள் ஓடின. பயமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் நன்றாகவும் இருந்தது.

அப்போதுதான் கேட்டது. தகர டப்பாவில் கல்.

அண்ணியின் தலை திரும்பியது. "என்னங்க, சத்தம் இருக்கே."

அவன் சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் கையைத் தொட்டாள். வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கக் காதுமூடியை விலக்கினான்.

"என்ன?"

"சத்தம் இருக்குங்க."

"எந்தச் சத்தம்?"

"அதே சத்தம்தான். முந்தியவிட ஜாஸ்தி."

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு."

அவன் முகம் சுருங்கிப் போனது. கோபம் வந்தால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கு சிவக்கும். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நாள் நல்லா அமைஞ்சா, அதுலயும் ஒரு குறை." காதுமூடியைக் கழற்றி அண்ணி தலையில் மாட்டினான். "நீயே கேளு. நேரா எஞ்சின்ல இருந்து வருது. கேட்டுட்டுச் சொல்லு."

மறுபடி மிதித்தான். என்னால் அண்ணியின் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது. யாரோ காதுக்குள்ளேயே கல்லை அள்ளி வீசியது மாதிரி அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

"போதும்! நிறுத்துங்க! நிறுத்துங்கங்க!"

அவன் கால் எடுக்கவில்லை. கியரை மாற்றி இன்னும் மிதித்தான். நான் பின்னாலிருந்து அவன் தோளில் ஓங்கி அறைந்தேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பிய அதே நேரத்தில் எஞ்சினுக்குள் என்னவோ உடைந்தது. அதற்கு யாருக்கும் காதுமூடி தேவைப்படவில்லை. கார் குலுங்கியது, பின்னால் நீலப் புகை எங்களை மூடிக்கொண்டது. ஓரமாக உருண்டு போய் நின்றோம். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணி காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை இழுத்துப்போக ஆள் வரும்வரை அங்கேயே காத்துக் கிடந்தோம்.

திங்கட்கிழமை அண்ணி கிளம்பவில்லை. "கார் செத்த வீட்டுல இருந்து உடனே எப்படிக் கிளம்பறது?" என்றாள். அது கிண்டலா வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. பை பீரோ மேலேயே இருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது அண்ணன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். ஷெட் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கையில் ஒரு பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நீட்டினான். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. மேல் பக்கம் கரையான் அரித்த பலகை மாதிரி பொடிப்பொடியாகக் குழிகள்.

"இது அன்னைக்கு ஒரு நாள்ல ஆனது இல்ல" என்றான். "மாசக்கணக்கா அடி வாங்கியிருக்கு. நான்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டனே. ஒண்ணும் இல்லையே. இல்லைன்னுதானே மேல மேல ஏத்தினேன்."

அவனுக்குப் பின்னால் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்து நின்றாள்.

"என்னங்க" என்றாள்.

அவன் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, தண்ணி."

அசையவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று வரவில்லை. நான் அவனுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன், அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. அதில் திமிர் இல்லை. அந்த முகத்துக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை.

"அண்ணா" என்றேன். நிமிர்ந்தான். "அண்ணி கூப்பிடறாங்க."

திரும்பிப் பார்த்தான். அவளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், மறுபடி கையிலிருந்த பிஸ்டனைப் பார்த்தான்.

"கூப்பிட்டியா?"

"தினமும்தான் கூப்பிடறேன்" என்றாள் அண்ணி.

"நீ என்கிட்ட பேசறதையே விட்டுட்டன்னு நினைச்சேன்." அவன் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "கார் மேல கோபம், அதனால பேசலன்னு. இதை எப்படியாவது முடிச்சு உன் சீட்டைப் போட்டுட்டா சரியாயிடும்னுதான் இதுக்குள்ளயே கிடந்தேன்."

"நான் எங்க விட்டேன்? பேசிட்டேதானே இருந்தேன். நீங்கதான் பதில் சொல்றதில்ல." அண்ணி முன்னால் வந்து அவன் எதிரே நின்றாள். "போறேன்னு சொன்னேனே, அதுக்குக்கூடப் பதில் சொல்லலையே."

"எங்க போற?"

"அக்கா ஊருக்கு. அங்கயே இருந்துடறேன்னு சொன்னேன். இதே இடத்துல நின்னுதான் சொன்னேன். உங்க சத்தம் நின்னுபோச்சே, அன்னைக்கு."

அவன் அவள் நின்ற இடத்தைப் பார்த்தான்.

"நான் என்ன சொன்னேன்?"

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"சிரிச்சீங்க."

அண்ணன் பிஸ்டனைத் தரையில் வைத்தான். கையில் இருந்த எண்ணெயோடேயே முகத்தைப் பொத்திக்கொண்டான். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வெளியே வந்து வாசலில் நின்றேன். தெருவில் போனவர் என்னவென்று கேட்டார், கார் கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பினேன்.

காது டாக்டரிடம் மூவருமாகப் போனோம். தகரத்தில் கல் விழுவது போன்ற சன்னமான சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, கனத்த சத்தங்கள் மட்டும் கேட்கின்றன என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், காதுக்குக் கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றார். "எப்போ இருந்து இப்படி?" என்று கேட்டார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

கார் ஷெட்டில் பிரித்தபடியே கிடக்கிறது. சீட் மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிட்டது, கூடத்துக்கு வரவில்லை. அதே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, சமையலறைக்கு உள்ளே பார்த்த மாதிரி, கதவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான். கருவி வந்த பிறகும் வேலை முடிந்து வந்தால் அதில்தான் உட்காருகிறான், அண்ணியின் முகம் தெரிய வேண்டுமாம்.

"போறீங்களா, இருக்கீங்களா?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"தெரியல. போறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள்.

பை இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது. அண்ணனும் அதைப் பார்த்திருக்கிறான். அண்ணி அடுப்பிலிருந்து திரும்பி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் முகம் வெளிறிப் போகிறது. நேற்று நான் இருந்தபோதும் அப்படித்தான். "துணி சோப்பு தீந்துடுச்சு, வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க ஆள் கை கொடுக்க வேண்டும். அண்ணி கொடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து, சோப்பு வாங்கக் கடைக்குப் போனான்.